சூரிய கிரகணம்: மறைப்பதும் மறைபடுவதும்

கிரகணம் என்னும் வடசொற்குப் பற்றுதல் என்பது பொருள். ஞாயிற்றையேனும் திங்களையேனும் பிறிதொன்று பற்றிக்கொள்ளும் நிகழ்ச்சியை அச்சொல் உணர்த்தும். தமிழ்ச் சான்றோரும் இதனைப் பாம்பு கோடல் என்றே வழங்கினர். திருவள்ளுவர் அலரறிவுறுத்தல் என்னும் அதிகாரத்தில், ஊரெங்கும் அலர் பரவியதற்குத் திங்களைப் பாம்பு கொண்ட செய்தியை உவமையாக எடுத்தாண்டமை கற்றார் அறிவர். இவ்வழக்குப் பற்றிச் சைவநன்மக்கள் பலர்க்கு ஓர் ஐயம் உளது. வானநூலார் கூறும் நிழற்கொள்கையை ஒப்பின் புராணம் பொய்யாமோ, புராணத்தை ஒப்பின் கண்கூடாகக் காண்பது பொய்யாமோ என்பதே அது.

இவ்வையம் எனக்குத் தடையாய் வந்து நின்றவாறு கூறுவல். 1995ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் நிகழ்ந்த சூரிய கிரகணம் வடநாட்டின் சில பகுதிகளில் முழுமையாகவும், தமிழ்நாட்டிற் பகுதியாகவும் காணப்பட்டது. அக்காலை யான் ஒரு பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். அடுத்த சில நாளில் மேற்குறித்த குறளைப் பாடஞ் சொல்லுங்கால், மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, அறிவியல் ஆசிரியர் நிழல் என்கின்றார், தாங்கள் பாம்பு என்கின்றீர்கள், எதனை மெய்யென்று கொள்வது?" என்று வினவினான். யான், "அவர் வகுப்பில் நிழல் என்று எழுது, என் வகுப்பிற் பாம்பு என்று எழுது" என்றேன். வகுப்பு முழுவதும் நகைத்தது. அவன் நகைத்திலன், வாளா அமர்ந்தான். அதன்பின் அவன் என்னிடத்து வினா ஒன்றும் வினவிற்றிலன். ஒரு பொருட்கு இரண்டு மெய் உண்டென்று கூறி ஒரு பிள்ளையின் வினாவை அவித்தேன் என்பது பின்னரே எனக்குப் புலனாயிற்று. மடத்தில் அளவை நூல் பயின்ற ஒருவன் கூறத்தக்க விடை அஃதன்று. கூறியிருக்க வேண்டிய விடையை இக்கட்டுரையிற் கூறப் புகுகின்றேன்.

அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிற் பொருளை ஆராயப் புகுமுன் அளவையை வைத்தார். காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனைய அளவைகளும் அடங்கும் என்பது நம் நூற்றுணிபு. இவற்றுள் ஒவ்வொன்றற்கும் உரிய எல்லை உண்டு. பொறிகளுக்குப் புலனாவதைக் காண்டலானும், கண்டதனை ஏதுவாகக் கொண்டு காணாததைக் கருதலானும், இவ்விரண்டற்கும் எட்டாத பதியியல்பு முதலியவற்றை உரையாகிய ஆகமத்தானும் அறிதல் முறை. ஞாயிறு எந்நாள், எவ்விடத்து, எத்துணை மறையும் என்பது முன்னைய இரண்டற்கும் உரிய பொருள். உயிர் எதனால் மறைக்கப்பட்டது, எங்ஙனம் விடுபடும் என்பது மூன்றாவதற்கு உரிய பொருள். ஓர் அளவையின் எல்லையிற் பிறிதோர் அளவையைப் புகுத்துதலே மேற்கூறிய ஐயத்துக்குக் காரணம். ஆகலின் முதற்கண் காண்டலும் கருதலும் கூறுவனவற்றைக் கேட்பாம்.

ஞாயிறு தானே ஒளிவிடுவது. நிலமும் திங்களும் தமக்கென ஒளியில்லன. ஞாயிற்றின் ஒளியை ஏற்று விளங்குவன. நிலம் ஞாயிற்றைச் சுற்றிவர, திங்கள் நிலத்தைச் சுற்றிவரும். அங்ஙனம் வருங்கால் ஞாயிற்றுக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட பக்கத்தே திங்கள் அமையும் நாள் அமாவாசை. அன்று திங்களின் ஒளிபெற்ற பக்கம் ஞாயிற்றை நோக்கியும், இருண்ட பக்கம் நம்மை நோக்கியும் இருத்தலின் அதனை நாம் காண்கிலேம். அந்நாளில் மூன்றும் ஒரு நேர்கோட்டில் அமையுமாயின், திங்களின் நிழல் நிலத்தின்மேல் விழும். அந்நிழல் விழுந்த இடத்து நிற்பார்க்கு ஞாயிறு மறைந்து தோன்றும். இதுவே சூரிய கிரகணம். பௌர்ணமியன்று நிலத்தின் நிழலுள் திங்கள் புகுமாயின் அது சந்திர கிரகணம். ஆகலின் முன்னையது அமாவாசையிலன்றியும், பின்னையது பௌர்ணமியிலன்றியும் ஒருகாலும் நிகழா.

சிறிய திங்கள் பெரிய ஞாயிற்றை மறைத்தல் யாங்ஙனம் எனின், கூறுவாம். ஞாயிற்றின் குறுக்களவு ஏறக்குறைய 13,92,000 கி.மீ.; திங்களின் குறுக்களவு 3,474 கி.மீ. அஃதாவது ஞாயிறு திங்களினும் நானூறு மடங்கு அகன்றது. ஆயின் ஞாயிறு நம்மினின்று ஏறக்குறையப் பதினைந்து கோடி கி.மீ. தொலைவில் உளது, திங்களோ நடுத்தரமாக 3,84,400 கி.மீ. தொலைவில் உளது. தொலைவிலும் ஞாயிறு ஏறக்குறைய நானூறு மடங்காயிற்று. ஆகவே இரண்டும் நம் கண்ணுக்கு அரைப்பாகை அளவினவாய் ஒத்துத் தோன்றுகின்றன. ஒருவன் தன் கட்டைவிரலைக் கண்முன் நீட்டிப் பிடித்து எதிரேயுள்ள கோபுரத்தை மறைத்தல் இதற்கு எடுத்துக்காட்டாம். விரல் கோபுரத்தினும் பெரிதாயிற்றிலது; கண்ணுக்கு அணித்தாயிற்று.

திங்களின் நிழல் ஒரு கூம்பு போல வரவர ஒடுங்கி நுனியில் முடிவது. அக்கருநிழலின் நீளம் சராசரி 3,74,000 கி.மீ. திங்கள் நிலத்தைச் சுற்றும் வழி நீள்வட்டமாதலின், ஒருகால் 3,57,000 கி.மீ. அளவிற்கு அணுகியும், ஒருகால் 4,06,000 கி.மீ. அளவிற்கு அகன்றும் நிற்கும். அணுகி நிற்குங்கால் கூம்பின் நுனி நிலத்தைத் தொடும். தொட்ட இடத்தில் ஞாயிறு முழுதும் மறையும். இது பூரண கிரகணம். அகன்று நிற்குங்கால் நுனி நிலத்தை எட்டாது. அப்பொழுது ஞாயிற்றின் நடுவே கரிய வட்டமும், அதனைச் சூழ ஒளிவளையமும் தோன்றும். இது கங்கண கிரகணம். கருநிழலைச் சூழ்ந்து பரந்த புறநிழலில் நிற்பார்க்கு ஒரு பகுதியே மறையும். இது பாரிசுவ கிரகணம். பஞ்சாங்கத்திற் குறிக்கப்படும் ஸ்பரிசம், மத்தியம், மோட்சம் என்பன முறையே திங்களின் விளிம்பு ஞாயிற்றின் விளிம்பைத் தொடுங்காலமும், மறைப்பு மிக்க காலமும், விடுங்காலமும் ஆம்.

பூரண கிரகணத்தின் கருநிழல் நிலத்தின்மேல் 270 கி.மீ. அளவிற்கு மேற்பட்டு அகலுதல் அரிது. அஃது ஓரிடத்தில் ஏழரை நிமிடத்தின் மேற்பட நிலைப்பதில்லை. மேற்கினின்று கிழக்கு நோக்கி விரைந்தோடும் அந்நிழற் சுவட்டில் நிற்பவரே முழுமறைப்பைக் காண்பர். இதனால், ஒரே கிரகணம் ஓரூரில் முழுமையாகவும், மற்றோரூரிற் பகுதியாகவும், வேறோரூரில் இல்லையாகவும் முடிகின்றது. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் காலையில் கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய ஊரார் ஒளிவளையத்தைக் கண்டனர். சென்னையார் தேய்ந்த பிறையளவே கண்டனர். 2010ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் நண்பகலில் கன்னியாகுமரியிலும் இராமேசுவரத்திலும் யாழ்ப்பாணத்திலும் தோன்றிய வளையம் பத்து நிமிட அளவு நின்றது. ஞாயிறு ஒன்றே, நாளும் ஒன்றே, நிற்கும் இடத்தால் காட்சி வேறாயிற்று. இதனை நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

அற்றேல், அமாவாசைதோறும் திங்கள் இடையே வருதலின் மாதந்தோறும் சூரிய கிரகணம் நிகழ்தல் வேண்டுமன்றோ எனின், அற்றன்று. வானில் ஞாயிறு செல்வதாகத் தோன்றும் வழியும் திங்கள் செல்லும் வழியும் ஒன்றல்ல. திங்களின் வழி ஞாயிற்றின் வழிக்கு ஐந்து பாகைக்குச் சிறிது மிகையாகச் சாய்ந்துளது. அரைப்பாகை அகலமுடைய பொருளுக்கு ஐந்து பாகை என்பது பத்து மடங்கு இடைவெளியாம். எனவே பெரும்பாலான அமாவாசைகளில் திங்கள் ஞாயிற்றுக்கு வடக்கேயேனும் தெற்கேயேனும் விலகிச் செல்லும். அதன் நிழல் நிலத்தைத் தப்பி வெறுவெளியிற் போய் ஒழியும்.

சாய்ந்த இரண்டு வட்டங்கள் இரண்டு இடங்களில் ஒன்றையொன்று வெட்டும். திங்கள் தெற்கினின்று வடக்கேறும் வெட்டிடம் இராகு. வடக்கினின்று தெற்கிறங்கும் வெட்டிடம் கேது. ஞாயிறு இவ்விரண்டனுள் ஒன்றற்கு ஏறக்குறையப் பதினைந்து முதற் பதினெட்டுப் பாகைக்குள் நிற்க, அக்காலத்து அமாவாசையும் கூடுமாயின் சூரிய கிரகணம் நிகழும். ஞாயிறு நாளொன்றுக்கு ஒரு பாகை அளவு நகர்வதாதலின், அவ்வெல்லையைக் கடக்க ஒரு மாதத்திற்குச் சிறிது மிகுதியாகவே காலம் செல்லும். அமாவாசைக்கும் அமாவாசைக்கும் இடைப்பட்ட காலம் இருபத்தொன்பதரை நாளே. ஆகலின் அவ்வெல்லைக்குள் ஓர் அமாவாசையேனும் அகப்படாது ஒழியாது. இதனால் ஆண்டொன்றுக்கு இரண்டு சூரிய கிரகணமேனும் உலகில் எங்கேனும் நிகழ்ந்தே தீரும். மிகுதி ஐந்து வரை நிகழலாம். 2019 டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிறு கேதுவின் பக்கத்தே நின்றது. அதன்பின் ஆறாம் அமாவாசையாகிய 2020 சூன் 21ஆம் நாள் இராகுவின் பக்கத்தே நின்றது. அன்று குருச்சேத்திரத்தில் வளையம் காணப்பட்டது.

சோதிட நூலார் இராகு கேதுக்களைச் சாயா கிரகங்கள் என்றனர். சாயை என்பது நிழல். ஏனைக் கோள்களைப் போலன்றி எஞ்ஞான்றும் பின்னோக்கியே செல்வன என்றும், ஒன்றற்கு ஒன்று ஏழாமிடத்தே நிற்பன என்றும், ஓரிராசியில் ஏறக்குறைய ஒன்றரை யாண்டு தங்குவன என்றும் அவர் விதித்தனர். வெட்டிடங்கள் இரண்டும் வட்டத்தில் நேரெதிரே அமைவன. பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் ஒருமுறை சுற்றி முடிப்பன. அதனைப் பன்னிரண்டாற் பகுப்ப ஒன்றரை யாண்டிற்குச் சிறிது மிகும். நிழற்கோள் என்று பெயரிட்டு, இவ்வியல்பெல்லாம் கணித்தறிந்தவர், இராகுவை ஓர் உடம்புடைய பாம்பென்றே எண்ணிக் கணித்தார் என்றல் பொருந்துமோ? பெயர் பாம்பினது, கணிதம் வெட்டிடத்தினது என்க.

இக்கருத்து நம் நாட்டிற்குப் புதிதன்று. 499ஆம் ஆண்டளவில் ஆரியபடர் இயற்றிய ஆரியபடீயத்தில், ஞாயிற்றைத் திங்கள் மறைக்கும் என்றும், திங்களை நிலத்தின் நிழல் மறைக்கும் என்றும் தெளிவாகக் கூறப்பட்டது. ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் பிருகத்சங்கிதையில் இதனைத் தடைவிடையாற் காட்டினர். திங்களின் கிரகணம் அதன் மேற்கு விளிம்பிற் றொடங்குவதில்லை. ஞாயிற்றின் கிரகணம் அதன் கிழக்கு விளிம்பிற் றொடங்குவதில்லை. முகில் மறைப்பதுபோலத் திங்கள் கீழே நின்று மறைத்தலின் ஞாயிற்றின் கிரகணம் தேயந்தோறும் வேறுபடும் என்பன அவர் காட்டிய ஏதுக்கள். ஒரே பாம்பு இரண்டையும் விழுங்குமாயின் இவ்வேறுபாட்டுக்கு இடமில்லை என்பது கருத்து.

இவர்க்குப் பின்வந்த பிரமகுப்தரின் செய்தி என்னைப் போன்றார்க்கு ஒரு பாடமாக உளது. அவர் 628ஆம் ஆண்டில் இயற்றிய பிரமஸ்புட சித்தாந்தத்தில், இராகுவை மறுத்த ஆரியபடர் முதலாயினாரை, வேத மிருதிகளுக்கு மாறுபட்டார் என்று கடிந்தனர். ஆயினும் கிரகணத்தைக் கணிக்கப் புக்கவிடத்துத் திங்களின் அளவையும் நிலநிழலின் அளவையும் கொண்டே கணித்தனர். நாவில் ஒன்றும் கணக்கில் ஒன்றுமாக வைத்த இதனைப் பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி எடுத்துக்காட்டி வருந்தினர். வகுப்பிற்கு ஒரு மெய் வைத்த என் விடையும் இவ்வகையதே. பெரும் கணிதர்க்கும் நேர்ந்த வழு இதுவாகலின், இதற்கு இரங்குதல் தகும். இதனைத் தொடர்தல் தகாது.

கிரகணத்தை முன்னரே கூறும் முறையும் இவ்வெட்டிடக் கணக்கினின்றே பிறப்பது. 223 அமாவாசை கொண்ட காலம் பதினெட்டாண்டும் ஏறக்குறையப் பதினொரு நாளும் எட்டு மணியும் ஆம். அக்காலம் கழியின் ஞாயிறு, திங்கள், வெட்டிடம் என்னும் மூன்றும் ஏறக்குறைய முன்னைய நிலையையே எய்தும். 2010 சனவரி 15ஆம் நாட் கிரகணத்துக்கு இணையானது 2028 சனவரி 26ஆம் நாளினது. எஞ்சிய எட்டு மணியில் நிலம் மூன்றில் ஒருபங்கு சுழன்றுவிடுதலின், அது நம் நாட்டில் அன்றித் தென்னமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் வளையமாய்க் காணப்படுவது. தமிழ்க் கணிதரும் இத்துறையில் வல்லுநராயினர். 1825ஆம் ஆண்டிற் காலசங்கலிதம் என்னும் நூலை வெளியிட்ட ஜான் வாரன் என்பார், புதுச்சேரியில் தாம் கண்ட பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையிற் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்தமையை வியந்து எழுதினர். தொடக்கம் நான்கு நிமிட வேறுபாட்டளவில் ஒத்தது. நடுவும் முடிவும் அதனின் மிக வேறுபட்டன. இவ்வேறுபாட்டைக் களையவே, சென்னை வானிலையத்திற் பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார் போன்றார் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கண்ணாற் கண்டு திருத்திய திருக்கணிதத்தை வற்புறுத்தினர். கண்டதனோடு கணக்கு ஒவ்வாதவிடத்துக் கணக்கைத் திருத்துதல் நம்மவர்க்கு இழுக்காகத் தோன்றவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இனி, உரையளவையின் எல்லைக்கு வருவாம். புராணம் கூறுவது யாது? பாற்கடலில் அமுதம் கடைந்த ஞான்று, தேவருருவிற் கரந்து அமர்ந்து அமுதுண்ட அசுரனை ஞாயிறும் திங்களும் காட்டிக்கொடுத்தனர். தலை வேறு உடல் வேறாகத் துணிக்கப்பட்டும், அமுதுண்டமையின் இறவாது, அவன் இராகுவும் கேதுவுமாய் நின்று அவ்விருவரையும் பற்றுகின்றான் என்பது கதை. விழுங்கினும் அறுபட்ட கழுத்து வழியே அவர் வெளிப்போந்து விடுவர். இக்கதையைத் திங்களின் வழி எத்துணைப் பாகை சாய்ந்தது என்று கூறும் நூலாக வாசித்தல், திருவிளையாடற் கதையைச் சந்தை விலைப்பட்டியாக வாசித்தலை ஒக்கும். இஃது இருள் ஒளியைப் பற்றினும் தன்னுள் அடக்கிக்கொள்ள இயலாது என்னும் பொருளைக் கேட்பார் நெஞ்சிற் பதிப்பது. அவ்வெல்லையில் அது மெய். அதனைக் கடந்து கணிதத்தின் எல்லையிற் கொண்டு நிறுத்துவார் புராணத்துக்கே இழுக்குத் தேடுவாராவர்.

இங்கே சித்தாந்திகள் நோக்கத்தக்கது ஒன்று உளது. சூரிய கிரகணம், சந்திர கிரகணம் என இரண்டையும் ஒருபடித்தாய் வழங்குகின்றோம். உண்மையில் இரண்டும் ஒன்றல்ல. சந்திர கிரகணத்தில் திங்கள் மெய்யாகவே ஒளி குன்றுகின்றது. இரவல் ஒளியால் விளங்கிய அது, ஒளி வரும் வழி அடைபட்டமையின் இருள்கின்றது. ஆகலின் அவ்விரவில் அதனைக் காணும் நாட்டார் யாவரும் அவ்விருட்சியை ஒரே நேரத்தில் ஒரே அளவாய்க் காண்பர். சூரிய கிரகணத்திலோ ஞாயிற்றுக்கு நேர்ந்தது ஒன்றும் இல்லை. அதன் ஒளியில் ஒரு கதிரும் குறைந்ததில்லை. ஒரு துளி வெம்மையும் அவிந்ததில்லை. பதினைந்து கோடி கி.மீ. தொலைவில் உள்ள அதனைத் திங்கள் அணுகியதும் இல்லை. இருண்டது நாம் நிற்கும் நிலம். மறைபட்டது நம் காட்சி. அதனாலன்றோ ஊர்தோறும் அஃது வேறுபட்டது! மெய்ம்மை நோக்கி உரைப்பின், அதனை ஞாயிற்றின் கிரகணம் என்பதினும் நிலத்தின் கிரகணம் என்றலே தகும்.

ஆணவ மலம் மறைப்பது உயிரையோ பதியையோ என்னும் வினாவுக்கு நம் ஆசிரியர் கூறும் விடையும் இதுவே. பதி எங்கும் நிறைந்த பேரொளி. அதனை மறைக்க வல்லது ஒன்று இல்லை. மறைக்கப்பட்டது உயிரின் அறிவு இச்சை செயல்களே. மறைபட்ட உயிர், தன் குறையை உணராது, இறைவன் இலன் என்றும், இறைவன் முகம் மறைத்தான் என்றும் கூறுகின்றது. நிழலில் நிற்பவன் ஞாயிறு அவிந்தது என்பதுபோல. தனக்கென ஒளியில்லாத திங்களின் இருட்சி உயிரின் நிலைக்கும், என்றும் குன்றாத ஞாயிற்றின் நிலை பதியின் நிலைக்கும் ஒப்பாதல் காண்க.

உவமை ஒருபுடை ஒப்பே ஆகலின் அதன் எல்லையும் அறிதல் வேண்டும். உமாபதி சிவம் திருவருட்பயனில் இருண்மல நிலை கூறுங்கால், உலகத்து இருள் பிற பொருளைக் காட்டாதாயினும் தன்னுருவைக் காட்டும், ஆணவமோ இரண்டையும் காட்டாது என்று வேறுபாடு தெரித்தனர். இக்கருத்துக் கிரகணத்தால் நன்கு விளங்கும். அமாவாசைதோறும் கட்புலனாகாத திங்கள், ஞாயிற்றை மறைக்கும் அந்நாள் ஒன்றில் மட்டும் தன் கரிய வட்டத்தைக் காட்டி, மறைப்பது யான் என்று தானே உரைத்து நிற்கின்றது. ஆணவம் அங்ஙனம் தன்னைக் காட்டுவதன்று; அதனாலேயே அதன் மறைப்பு வலியது. மேலும், திங்கள் தன் கதியால் தானே விலகும். ஆணவம் தானே விலகுவதன்று. திருவருட் சத்தி பதியவே அதன் வலி மடங்கும்.

மற்றுமோர் ஒப்பும் உண்டு. 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த பூரண கிரகணத்தின்போது குண்டூரில் நின்று ஆராய்ந்த ஜான்சன் என்னும் பிரெஞ்சு அறிஞர், ஞாயிற்றின் விளிம்பில் எழும் தழற்பிழம்புகளின் ஒளியைப் பகுத்துக் கண்டார். அவ்வாண்டின் ஆராய்ச்சிகளில் தோன்றிய ஒரு மஞ்சட் கோடு, அதுவரை அறியப்படாத தனிப்பொருள் ஒன்றைக் காட்டிற்று. ஞாயிற்றின் கிரேக்கப் பெயரால் அதற்கு ஹீலியம் என்று பெயரிட்டனர். நிலத்தில் அது கிடைத்தது 1895ஆம் ஆண்டிலேதான். 1871ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாட் பூரண கிரகணத்தை நீலகிரியைச் சார்ந்த சோலூரில் அவரும், புதுக்கோட்டையிலும் யாழ்ப்பாணத்திலும் பிறரும் நோக்கி, ஞாயிற்றைச் சூழ்ந்த வெண்சுடர்ப் பரப்பை ஆராய்ந்தனர். அச்சுடர்ப் பரப்பு நாடோறும் உளது. நடுவட்டத்தின் பேரொளியால் நம் கண்ணுக்குத் தோன்றாது ஒழிகின்றது. வட்டம் மறைந்த அச்சில நிமிடத்தில் மட்டும் அது வெளிப்படும். மறைத்தலும் இறைவன் ஐந்தொழிலுள் ஒன்று. அதுவும் அருளே என்னும் சித்தாந்தத் துணிபுக்கு இதனினும் தெளிவான காட்சி வேண்டுமோ?

இனி, கிரகண காலத்து ஒழுக்கம் பற்றிச் சில கூறி முடிப்பாம். தருப்பணம், தீர்த்தமாடல், செபம், தானம் என்பன தொன்றுதொட்டு வந்தன. கிரகண நாளிற் கோயிலுக்கு நிவந்தம் அளித்த செய்திகள் கல்வெட்டுக்களில் உள. ஆராய்ச்சியாளர் அக்கிரகணங்களைக் கணித்து அரசர் ஆண்டுகளைத் துணிதற்கும் அவை பயன்படுகின்றன. பல கோயில்கள் அக்காலத்து நடை சாத்துவன, திருக்காளத்தியிலோ நடை திறந்தே இருக்கும், வழிபாடும் நடைபெறும். இவ்வொழுக்கங்களை வழிபாட்டின் பொருட்டு மேற்கொள்வார் மேற்கொள்க. மனம் ஒருங்குதற்கு அத்தகைய காலம் பிறிதில்லை. ஆயின் அச்சத்தின் பொருட்டு மேற்கொள்ளற்க. கிரகண காலத்து ஞாயிற்றினின்று புதியதொரு நச்சுக்கதிர் எழுவதில்லை. நாடோறும் வரும் கதிரே அளவிற் குறைந்து வருகின்றது. உணவு அதனாற் கெடுவதில்லை; கருவிலுள்ள மகவுக்கு அதனால் ஊறு வருவதில்லை. கருவுற்ற மகளிரை நீரும் உணவும் இன்றி நெடும்பொழுது அடைத்துவைத்தலே ஊறு விளைப்பது.

மெய்யான தீங்கு ஒன்று உண்டு. அதனை மறவாது ஒழிதல் வேண்டும். மறைப்பால் ஒளி மழுங்கியதாகத் தோன்றுதலின், நாடோறும் ஞாயிற்றை நோக்காதவரும் அன்று நோக்குவர். எஞ்சிய பிறையளவு ஒளியும் கண்ணின் உட்படலத்தைச் சுட வல்லது. அப்படலத்துக்கு நோவுணர்ச்சி இன்மையின், சுடுவது தெரியாமலே பார்வை குன்றும். புகையூட்டிய கண்ணாடியும், நீர்ப்பாத்திரத்துப் பிரதிபலிப்பும் காவலாகா. இதற்கென ஆய்ந்து செய்த கண்ணாடி அணிந்து காண்க. அஃது இல்லையேல் மரநிழலில் நின்று தரையை நோக்குக. இலைகளின் சந்துதோறும் விழும் ஒளிவட்டங்கள் யாவும் பிறைபிறையாய்த் தோன்றக் காணலாம். பிள்ளைகளை வீட்டில் அடைத்து வையாது, இங்ஙனம் காட்டிக் கற்பித்தல் பெற்றோர் கடன். 2031ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் கேரளத்திலும் தென்தமிழ்நாட்டிலும் வளையம் தோன்றவுள்ளது. இன்று சிறுவராயினார் அன்று அஞ்சாது காண்பாராக.

கோளும் நாளும் நன்றாக இல்லை என்று திருநாவுக்கரசர் தடுத்த ஞான்று, திருஞானசம்பந்தர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்படுமுன் அருளிச்செய்த கோளறு பதிகத்தை நாம் அறிவோம். ஞாயிறு திங்கள் முதலாயினவற்றோடு பாம்புகள் இரண்டனையும் எண்ணி, அவை யாவும் அடியார்க்கு நல்லனவே என்று அவர் துணிந்தனர். கோள்கள் இல்லை என்றாரல்லர். அவற்றுக்கு அஞ்சவேண்டும் என்றாரும் அல்லர். திங்களையும் பாம்பையும் ஒருங்கே சடையில் வைத்தவன் உள்ளத்தே புகுந்தபின் எது எதனை விழுங்கும்? அறிவார் அஞ்சார், அன்புடையார் அதனினும் அஞ்சார்.

அம்மாணாக்கன் இன்று எங்குளன் என்பதை யான் அறியேன். அவனுக்குச் சொல்லக் கடவதாயிருந்த விடை இது: "தம்பி, ஞாயிற்றை நம் கண்ணுக்கு மறைப்பது திங்கள், அதன் நிழல் நிலத்தில் விழுகின்றது, உன் அறிவியல் ஆசிரியர் கூறியது மெய். என் வகுப்பிலும் அதனையே எழுது. பாம்பு என்பது நம் முன்னோர் அம்மறைப்புக்கு இட்ட பெயர். அப்பெயரின் வழியே, உன் அறிவை மறைத்து நிற்பது யாது என்று வினவத் தொடங்கு. முதல் வினாவுக்கு விடை வானநூல் தரும். இரண்டாவதற்கு விடை சிவஞானம் தரும். இரண்டும் ஒன்றையொன்று விழுங்கா."

திருச்சிற்றம்பலம்.